நாலு விரல் மருந்து

போலீஸ் ஸ்டேசனுக்குத்தான் போகிறேன் தம்பி. அதுக்கு ஏன் அப்படி பஸ் ஜன்னலோடு ஒட்டித் தள்ளி உட்காருகிறீங்க, நான் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. என் துப்பாக்கி அங்கே இருக்கிறது. பார்த்துவிட்டு வரலாம் என்று போகிறேன். இந்தப் பையில் இருப்பது தேங்காய் எண்ணெயும் பழைய பனியன் துணியும். குழலைத் துடைத்து, எண்ணெய் காட்டி, கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரனைப் பார்க்கப் போகிறவன் ஆரஞ்சுப் பழம் வாங்கிப் போகிறான் இல்லையா, அந்த மாதிரி.

எலெக்சன் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவன் எல்லாம் துப்பாக்கியை ஸ்டேசனில் ஒப்படைத்தாக வேண்டும். அது சட்டம். ஆமாம், எலெக்சன் முடிந்துவிட்டது. ஜெயித்தவரையே ஜனம் மறந்துபோயிற்று. ஏட்டையாவும், "பெரியவரே, எடுத்துட்டுப் போங்களேன், உங்களுது மட்டுந்தான் மூலையில நிக்குது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறார். வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறார். என் துப்பாக்கி அங்கே இருந்தால் ஸ்டேசனுக்கே ஒரு மரியாதை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால்தான் விட்டுவைத்திருக்கிறேன்.

சாதாரணத் துப்பாக்கியா அது! தோட்டாவைச் சொருகிச் சுடுகிற ரகம் இல்லை. வாய் வழியாகக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. குழல் வாயில் முதலில் கருமருந்தைக் கொட்ட வேண்டும். அதன் மேல் தேங்காய் நார். கம்பியை விட்டு இடி இடி என்று இடிக்க வேண்டும். அப்புறம் குண்டு. அது உருண்டு வந்துவிடாமல் மறுபடி நார். பின்னால் தீப்பொறிக்குக் கேப்பு வைத்து, அதைத் தட்டுகிற குதிரையை இழுத்துவிட்டால் தயார். அதற்குள் வந்த மிருகம் சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டுப் போய்விடும் என்று என் சம்சாரம் மாயக்கா சொல்வாள். அவள் இல்லை இப்போது. போய்ச் சேர்ந்துவிட்டாள்.

எங்கள் அப்பா இந்தத் துப்பாக்கியால் புலிக்கல் பாறையில் நின்று சுட்டால் சத்தம் அன்றைக்குக் கேட்காது தம்பி. எதிர்மலைக்குப் போகும். அங்கே மழை பெய்தால் ஒரு ஓரமாக ஒதுங்கி நிற்கும். வெயில் வந்த பிறகுதான் திரும்பி வரும். நான் ஒரு தடவை ஈயம் தீர்ந்துபோய், மடியில் இருந்த கொட்டைப்பாக்கைப் போட்டு ஒரு பன்றியைச் சுட்டேன். பன்றி ஓடிவிட்டது. ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், என் வெற்றிலைக் கொடியை மேய்ந்துகொண்டு நிற்கிறது, வாயெல்லாம் சிவப்பு. பல்லும் சிவப்பு. சிரிக்கிறீங்களே, நான் சிரித்தேனா? எனக்கு வெற்றிலை போச்சு.

இந்தக் கதைக்கெல்லாம் சிரிக்காத ஒரே ஆள் சோலைமலை. மாயக்காவுக்குக் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். அவன் காடும் என் காடும் அடுத்தடுத்து, நடுவில் ஓர் ஓடை. அவனுக்கும் சம்சாரம் இல்லை. ஒரே மகள், செல்வராணி, அவளைக் கீழே அடிவாரத்தில் கட்டிக்கொடுத்தாயிற்று. எனக்குப் பிள்ளை இல்லை. சாயங்காலம் ஆனால் ஓடையைத் தாண்டி என் பரணுக்கு வருவான். பரண் என்றால் பயிர்க் காவலுக்கு நாலு கால் நட்டு மேலே பலகை போட்டது, அவ்வளவுதான். முதலில் அவன் குரல் வரும். ஆள் வெகுநேரம் கழித்து வருவான்.

"என்ன மாப்ளே, பன்னி இன்னைக்கும் வெத்தலை போட வந்துச்சா?"

"வந்துச்சு மச்சான், சுண்ணாம்பு கேட்டுச்சு. உன் வீட்டுக்கு அனுப்பிவெச்சேன்."

இப்படித்தான். இதைக் கேட்க ஆள் யாரும் இல்லை. எங்களுக்கு நாங்களே.

போன மழைக்குப் பிறகு பீன்சு காய்த்து நிற்கிற நேரத்தில் ஒரு கடமான் வந்தது. கொம்பு இருக்கிறதே, கோயில் தேர் மாதிரி. தினமும் பொழுது சாய்கிற நேரத்துக்கு வரும். என் பீன்சில் பாதி, அவன் பீன்சில் பாதி. வஞ்சனை இல்லாத மிருகம்.

நீங்க பாரஸ்ட்டுக்காரர் இல்லையே? சரி. மானைச் சுட்டால் ஜெயில் என்று எனக்கும் தெரியும். என் லைசென்ஸ் பயிரைக் காக்க, சத்தம் காட்டி விரட்ட. நாங்கள் அதைச் சுடப்போகிறோம் என்று யார் சொன்னது? சுட்டால் எதைப் போட்டுச் சுடுவது, அதுதான் பேச்சு. பேச்சுக்கு யாரும் ஜெயிலில் போடமாட்டான்.

நான் சொன்னேன், ரவை போட வேண்டும் என்று. மிளகு பருமனுக்குச் சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், ஒரு கைக்குள் அடங்குகிற அளவு. விரிந்து போகும், எதிலாவது ஒன்று படும். அவன் சொன்னான், ஒற்றைக் குண்டு.

"ரவை பட்டா கடமானுக்கு அரிக்கும் மாப்ளே. மரத்துல உரசிக்கிட்டு மறுபடி மேய வரும்."

"ஒத்தைக் குண்டா? உனக்கா? எதிர்ல நிக்கிற மலையையே உனக்குக் குறி வெக்கத் தெரியாது."

அவன் குண்டு வார்க்கிற அழகைப் பார்க்க வேண்டுமே. மாக்கல்லில் குடைந்த அச்சு ஒன்று வைத்திருக்கிறான், ரெண்டு பாதி. வலையில் கட்டுகிற ஈயம்தான் வேண்டும் என்பான், அதுதான் மெத்தென்று இருக்குமாம். நான் பழைய பேட்டரி ஈயத்தைக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி, குழலைக் கீறிடும்" என்று வைத்துவிட்டான். முகர்ந்து பார்த்து! குண்டு குழலுக்குள் லூசாக இருந்தால் மருந்தின் வேகம் பக்கத்தில் கசிந்துபோகுமாம், இறுக்கமாக இருந்தால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளுமாம். அதனால் தன் வேட்டியில் ஒரு துண்டு கிழித்து, எண்ணெயில் முக்கி, குண்டுக்குச் சட்டை போடுவான். இப்படிக் கிழித்துக் கிழித்தே வேட்டி முழங்காலுக்கு வந்துவிட்டது.

குண்டா, ரவையா, அது சின்னச் சண்டைதான். பெரிய சண்டை மருந்தில். மருந்தை எங்களூரில் விரலில்தான் அளப்பது. கொட்டி இடித்த பிறகு கம்பி குழலுக்கு வெளியே எத்தனை விரல் நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அத்தனை விரல் மருந்து. என் கணக்கு நாலு விரல். எங்கள் அப்பா கணக்கு அது. அவன் மூணு விரல் என்றான்.

"மூணு விரல் மருந்துக்கு குண்டு வெளிய வந்து, கீழ விழுந்து, மன்னிப்புக் கேக்கும் மச்சான்."

"நாலுல பாதி எரியாமலே வெளிய போயிரும் மாப்ளே. காசு போட்டு வாங்கின மருந்து, காத்துல தூவவா?"

நிரூபிக்கிறேன் என்று ஒரு நாள் தன் வெள்ளை வேட்டியைத் துப்பாக்கிக்கு முன்னால் தரையில் விரித்தான். என் நாலு விரலைக் கெட்டித்து, குண்டு இல்லாமல் வெறுமனே சுட்டேன். வேட்டி மேல் கறுப்புக் கறுப்பாகப் பொடி. "பாத்தியா, எரியாத மருந்து" என்றான். நான் குனிந்து பார்த்தேன். "எறும்பு" என்றேன்.

"எறும்பா?"

"கட்டெறும்பு."

"நகரலையே மாப்ளே?"

"சத்தத்துல மயக்கம் போட்டிருக்கு. தண்ணி தெளி."

அவன் தண்ணீர் தெளிக்கவில்லை. ஒரு தீக்குச்சியைக் கிழித்து வேட்டியில் போட்டான். புஸ் என்று பிடித்தது. வேட்டியும் போச்சு. எரிகிற எறும்பும் மலையில் உண்டு தம்பி, அவனுக்குத்தான் தெரியாது.

மாயக்கா இருந்த காலத்திலேயே இந்த விரல் தகராறு உண்டு. அவள் ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், "ரெண்டு பேரும் கையைப் பக்கத்துல வெச்சுப் பாருங்களேன்" என்றாள். அவனுக்கு விரல் ஒவ்வொன்றும் மொந்தன் வாழைக்காய். எனக்கு முருங்கைக்காய். பெண்பிள்ளைக்குத் துப்பாக்கியைப் பற்றி என்ன தெரியும்? இதற்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கையை நீட்டவே இல்லை. அவனும் நீட்டவில்லை. அந்த விசயத்தில் எங்கள் ரெண்டு பேருக்கும் ஒற்றுமைதான்.

கடைசியில் முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் என் கெட்டிப்பு, ரவையும் நாலு விரலும். மறுநாள் அவன் கெட்டிப்பு, குண்டும் மூணு விரலும். முதல் நாள் சுடாவிட்டால், அடுத்தவன் வந்து திருகுக் கம்பியால் பழசை வெளியே எடுத்துவிட்டுத் தன்னுடையதைக் கெட்டிக்க வேண்டும். கெட்டித்தவன் துப்பாக்கி வாயில் ஒரு காப்பி இலையைச் சொருகிவைப்பான். வாயில் இலை இருந்தால் வயிற்றில் மருந்து இருக்கிறது என்று அர்த்தம். எங்களூரில் எல்லாத் துப்பாக்கிக்கும் அதுதான் அடையாளம்.

பீன்சு பாதி முடிகிற வரைக்கும் இப்படியே நடந்தது. அவன் கெட்டிப்பான், நான் குறை சொல்வேன். நான் கெட்டிப்பேன், அவன் தலையில் அடித்துக்கொள்வான். பேசிக்கொண்டே இருப்போம், கடமான் மேய்ந்துவிட்டுப் போய்விடும். ஒரு நாளும் சுடவில்லை. எப்படிச் சுடுவது? ஒரு நாள் காற்று சரியில்லை. ஒரு நாள் மருந்து நமுத்திருந்தது. இன்னொரு நாள் எல்லாம் சரியாக இருந்தது, அவன் அக்கா கல்யாணத்தில் பந்தியில் எனக்கு வடை வைக்காததைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. சுடுவதா முக்கியம்?

அப்புறம் அந்தச் சாயங்காலம். முந்தின நாள் என் முறை, அன்றைக்கு அவன் முறை. அவன் இன்னும் வரவில்லை. நான் பரணில் இருந்தேன். பார்த்தால் துப்பாக்கி வாயில் இலை வாடித் தொங்குகிறது. பார்க்கச் சகிக்கவில்லை, அப்பா கையாண்ட துப்பாக்கி. எடுத்துப் போட்டுவிட்டு, புது இலை பறிக்கலாம் என்று கீழே இறங்கினேன். ஓடைப் பக்கம் ஒரு மிளகு வியாபாரி வழி கேட்டு நின்றான். வெளியூர் ஆள், நல்ல மனுசன், கேட்கிற முகம். அவனுக்குப் பன்றி வெற்றிலை போட்ட கதையைச் சொன்னேன். ரொம்ப ரசித்தான். சொல்கிறபோதே பரண் பக்கம் மச்சான் இருமுவது கேட்டது. வந்துவிட்டான், இருக்கட்டும் என்று கதையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். பன்றி சுண்ணாம்பு கேட்ட இடம் இன்னும் வரவில்லை.

இலை இல்லை என்றால் என்ன தம்பி, கம்பியை விட்டுப் பார்க்க வேண்டியதுதானே? வெறும் குழல் என்றால் கம்பி அடிவரைக்கும் இறங்கும், உள்ளே ஏதாவது இருந்தால் நீட்டிக்கொண்டு நிற்கும். விரல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடமான் சீக்கிரம் வந்துவிட்டதாம், பொழுது இறங்கிவிட்டதாம், அவசரத்தில் பார்க்கவில்லையாம். என் நாலு விரலுக்கும் ரவைக்கும் மேலே அவன் மூணு விரலையும் குண்டையும் கெட்டித்துவிட்டான். அத்தனை நாள் சுடாதவன் அன்றைக்குச் சுட வேண்டுமா? அதன் தலைக்கு மேலே காட்டி விரட்டத்தான் சுட்டானாம். நான் இல்லாதபோது சுட்டுவிட்டு, நான் வந்ததும் மீசையை முறுக்கலாம் என்று நினைத்திருப்பான்.

சத்தம் வந்தது பாருங்க. எதிர்மலையில் பலாக்காய் எல்லாம் அந்தச் சத்தத்திலேயே பழுத்துவிட்டது. மிளகு வியாபாரி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினான், இன்றைக்கு வரைக்கும் திரும்பி வரவில்லை. குழல் வெடிக்கவில்லை, அந்தக் காலத்து இரும்பு. கடமான் தலையைத் தூக்கி, யார் வீட்டில் விசேசம் என்கிற மாதிரி பார்த்தது. மறுபடி பீன்சுக்குக் குனிந்துகொண்டது.

பரணில் ஆள் இல்லை. பின்பக்கம் கீழே கிடந்தான்.

துப்பாக்கி உதைத்த உதையில் பலகையோடு பின்னால் போய் விழுந்திருக்கிறான். வலது தோள் இறங்கிப்போய், கை வேறு யாருடையதோ மாதிரி பக்கத்தில் கிடந்தது. ஜீப் பிடித்துக் கீழே கொண்டுபோனோம். வழியெல்லாம் என் மடியில்தான் தலை. வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டான். ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து, "இலை எங்க மாப்ளே?" என்றான். ஜீப் ரொம்பச் சத்தம். அவன் தலை ஆடாமல் பிடித்துக்கொண்டேன். இலை வாடியிருந்தது தம்பி. வாடின இலையை அப்படியே வைத்திருந்தால் நன்றாகவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க.

ஆஸ்பத்திரியிலிருந்து செல்வராணி தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். "மாமா, இனி அப்பாவை மேல அனுப்பமாட்டேன். தனியா இருக்க முடியாது" என்றாள். தனியாக என்று எதை வைத்துச் சொல்கிறாள்? நான் இருக்கிறேன் அங்கே. பெண்பிள்ளையிடம் என்ன வாதாடுவது?

கடமான் இப்போதும் வருகிறது. துப்பாக்கி இல்லாமலே பரணில் உட்கார்ந்திருக்கிறேன். பீன்சு எல்லாம் முடிந்துவிட்டது, அது புல்லைத்தான் மேய்கிறது. அதற்குக் கதை சொல்லிப் பார்த்தேன். நாலு விரல் என்றாலும் காதை ஆட்டுகிறது, மூணு விரல் என்றாலும் காதை ஆட்டுகிறது. ஒரு தடவை, அப்பா சுட்ட குண்டு பழனி வரைக்கும் போயிற்று என்று சொன்னேன். அதற்கும் காதை ஆட்டியது. சீ, என்ன மிருகம்! ஏன்டா புளுகுறே என்று கேட்கக்கூடத் தெரியவில்லை.

இதோ கடைசி வளைவு. அடுத்தது செக்போஸ்ட். டிரைவர் டீ குடிப்பார், வண்டி கொஞ்சம் நிற்கும். செக்போஸ்ட்டுக்கு எதிரில்தான் செல்வராணி வீடு. நீலத் தகரக் கதவு. வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு மச்சான் உட்கார்ந்திருப்பான். எனக்காக இல்லை, வெயில் காய. வியாழக்கிழமை இந்த பஸ் வருகிற நேரத்துக்கு அங்கே நல்ல வெயிலாம்.

துப்பாக்கியை ஒப்படைக்கப் போன முதல் தடவை அவனைப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நாலு விரலைக் காட்டினேன். அவன் என்னையே பார்த்தான். அப்புறம் இடது கையைத் தூக்கி மூணு விரலைக் காட்டினான் பாருங்க! தோள் போயும் திமிர் போகவில்லை. வலது கை எழும்பாது அவனுக்கு. அன்றையிலிருந்து வாரா வாரம் நான் நாலு, அவன் மூணு. வண்டி கிளம்பும், அவ்வளவுதான்.

இறங்கிப் பார்த்தேனா என்றா கேட்கிறீங்க? எதற்கு இறங்க வேண்டும்? அவன் வா என்று கூப்பிட்டானா? இறங்கினால் அடுத்த பஸ் எப்போது வருமோ. ஸ்டேசனில் வேறு எனக்காகக் காத்திருப்பார்கள். இந்தக் கண்டக்டர் ஒரு வம்பன். "என்ன தாத்தா, இன்னைக்காவது இறங்குறியா, இல்ல விரலை மட்டும் இறக்குறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்பான். அதோ கேட்கிறான் பாருங்க. போப்பா, போய் டிக்கெட்டைக் கிழி.

நின்றுவிட்டது. தம்பி, நீங்க ஜன்னல் பக்கம் இருக்கிறீங்க, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. எனக்கு வெயில் கூசுகிறது. உட்கார்ந்திருக்கிறானா? உட்கார்ந்திருக்கிறான் இல்லையா? எனக்குத் தெரியும். போர்வையா? இந்த வெயிலில் எதற்குப் போர்வை?

தள்ளிக்கொள்ளுங்க, கையை நீட்டுகிறேன். நாலு. பார்க்கிறானா? பார்க்கட்டும். இப்போது அவன் காட்டுவான், பாருங்க. கை எழும்புகிறதா? மெதுவாகத்தான் எழும்பும், அவசரப்படாதீங்க. எத்தனை?

நல்லாப் பாருங்க தம்பி. கட்டைவிரலையும் சேர்த்து எண்ணிட்டீங்க. மடக்கியிருக்கானா? மடக்கியும் நாலா?

மறுபடி பாருங்க. மூணுதான் காட்டுவான். முப்பது வருசமா மூணுதான். என்னை ஏமாத்தப் பாக்குறீங்களா, சின்னப் பிள்ளை மாதிரி?

நாலேதானா?

சிரிக்கிறானா? தலையையும் ஆட்டுறானா? சரி, உன்னுதுதான் சரிங்கிற மாதிரியா ஆட்டுறான்?

அவன் ஒத்துக்கிற ஆளே இல்ல தம்பி. அவன் தங்கச்சி செத்தன்னைக்கு, பாடை கட்டுற மூங்கில் எத்தனை முழம்னு என்னோட சண்டை போட்டவன். அவனுக்கு என்னமோ ஆயிருச்சு. கண்டக்டர்! வண்டிய எடுக்காதே, விசிலடி, விசிலடிப்பா! பையா? பை கிடக்கட்டும். எண்ணெய்தானே, நீங்க வெச்சுக்குங்க. தள்ளுங்க, காலை எடுங்க, வழிய விடுங்க. நாலு தப்பு, மூணுதான் சரின்னு நான் போய் அவன்கிட்டச் சொல்லணும்.